ப்ரொடக்‌ஷன் மேனேஜர் வேலைக்கு வருமுன் எனக்கு யாராவது சொல்லியிருக்கலாம்

சினிமாவில் தயாரிப்பு நிர்வாகத்துக்கு வர விரும்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, உள்ளே நுழைவது எப்படி என்பதைத்தான். நுழைவது அவ்வளவு பெரிய காரியம் இல்லை. காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, இரவு எல்லோருக்கும் பின்னால் போகத் தயாராக இருக்கிற ஆளை இந்தத் துறையில் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. யாரும் கேட்காத கேள்வி வேறு ஒன்று இருக்கிறது: பணம் வராமல் போனால் யார் பதில் சொல்வது? நான் முதன்முதலாக முழுப் பொறுப்பில் வேலை பார்த்த படம் பாதியில் நின்றது. என் சேமிப்பு போனது, நண்பர்களிடம் கடன் ஏறியது, ஒரு வருடத்துக்கு மேல் உருப்படியான வேலை இல்லாமல் கிடந்தேன். யாரிடமாவது சொல்லி அழலாம் என்றால் அதற்கும் வழியில்லை. நின்றுபோன படத்தின் மேனேஜர் என்று பேர் வந்தால் அடுத்த வேலை கிடைக்காது என்று எல்லோரும் வாயை மூடிக்கொள்கிற துறை இது. அதனால்தான் கொஞ்சம் விலாவாரியாகவே எழுதுகிறேன்.

தொடக்கம் எல்லோருக்கும் போலத்தான். தயாரிப்பு உதவியாளர் என்று பேர். வேலை என்னவோ ஓடுவதுதான். வாக்கி டாக்கியை சார்ஜில் போடுவது, நடிகரை வண்டியில் ஏற்றிவிட்டு அவர் கிளம்பிவிட்டார் என்று ஸ்பாட்டுக்குச் சொல்வது, மறுநாள் யார் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று சொல்கிற கால் ஷீட் தாள் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்ததா என்று ஒவ்வொருவராகக் கேட்டு உறுதி செய்வது, பில்களை வாங்கித் தேதிவாரியாக ஒட்டுவது. இந்தக் கடைசி வேலையை எல்லோரும் வெறுப்பார்கள். எனக்கென்னவோ அது பிடித்துவிட்டது. ஒரு நாளின் பில்களை வரிசையாகப் பார்த்தால் அன்றைக்கு ஷூட்டிங்கில் என்ன நடந்தது என்பது தெரிந்துவிடும். ஜெனரேட்டருக்கு டீசல் கூடுதலாகப் போயிருந்தால் நேரம் இழுத்திருக்கிறது. ஒரே பொருள் இரண்டு கடையில் வாங்கியிருந்தால் கலைத்துறையில் யாரோ கடைசி நேரத்தில் மனசை மாற்றியிருக்கிறார்கள். என்னை அழைத்துப்போன மேனேஜர் இதைக் கவனித்து, "தம்பி, நீ கணக்குப் பக்கம் உட்காரு, ஓடுறதுக்கு வேற ஆள் இருக்கு" என்றார். அப்படித்தான் மெல்ல மேலே வந்தேன். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான்: மற்றவர்கள் தள்ளிவிடுகிற வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். பில், போக்குவரத்து, அனுமதிக் கடிதம் இந்த மூன்றும் தெரிந்தவர்களுக்கு வேலை தேடிவரும்.

இந்த வேலைக்குள் யார் யார், எது எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தயாரிப்பாளர் பணத்தைக் கொண்டுவருகிறார், அல்லது கொண்டுவருகிறவரைக் கண்டுபிடிக்கிறார். லைன் ப்ரொட்யூசர் அந்தப் பணத்துக்குள் படத்தை அடக்குகிறார். முதல் உதவி இயக்குநர் நேரத்தைப் பார்க்கிறார். செட்டில் அடுத்த ஷாட் எது, யார் தயார், யார் தயாரில்லை என்பது அவர் கையில். ப்ரொடக்‌ஷன் மேனேஜர் இவர்கள் எல்லோருக்கும் நடுவில், ஆள், வண்டி, இடம், கருவி, சாப்பாடு, தங்குமிடம், அனுமதி, அன்றாடச் செலவு என்று நிற்கிறார். சின்னப் படங்களில் லைன் ப்ரொட்யூசரும் மேனேஜரும் ஒரே ஆள்தான். அங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. முடிவெடுக்கிற அதிகாரம் தயாரிப்பாளரிடம் இருக்கும். அந்த முடிவை வெளியுலகத்திடம் போய்ச் சொல்கிற முகம் உங்களுடையதாக இருக்கும்.

எனக்கு அந்தப் படம் வந்தபோது நான் உதவி மேனேஜராகப் பல படங்கள் பார்த்திருந்தேன். ஒருவர் மூலமாக ஒருவர் என்று அறிமுகமாகி, தயாரிப்பாளரைச் சந்தித்தேன். அவருக்கு இதற்கு முன் படம் எடுத்த பழக்கம் இல்லை, ஆனால் வேறு தொழிலில் வசதியானவர், பேச்சில் பெரிய மனிதர். ஸ்க்ரிப்டைக் கொடுத்து பட்ஜெட் போடச் சொன்னார். எனக்கு மிகவும் பிடித்த வேலை அது. ஸ்க்ரிப்டை பிரேக்டவுன் செய்வது என்பது ஒவ்வொரு காட்சியையும் பிரித்து, அதில் யார் வருகிறார்கள், என்ன பொருள் வேண்டும், எத்தனை வண்டி, எத்தனை துணை நடிகர்கள், மழையா, சண்டையா, குழந்தையா, விலங்கா என்று குறித்துக்கொண்டே போவது. ஒரு பக்கத்தை 8 பாகமாகப் பிரித்து, இந்தக் காட்சி பக்கத்தில் 8-ல் 3 பாகம், அந்தக் காட்சி முழுதாக 2 பக்கமும் 8-ல் 5 பாகமும் என்று அளப்பார்கள். நன்றாக வடிவமைத்து டைப் செய்த ஸ்க்ரிப்டில் ஒரு பக்கம் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது பழைய கணக்கு. ஆனால் அதை அப்படியே நம்பக்கூடாது. "கூட்டம் கலவரமாக மாறுகிறது" என்று எழுத அரை வரி போதும். அதை எடுக்க இரண்டு நாள் ஆகும்.

பிரேக்டவுன் முடிந்ததும் ஷெட்யூல். அந்தக் காலத்தில் அட்டைப் பலகையில் காட்சிக்கு ஒன்றாக வண்ணக் கீற்றுகளைச் செருகிச் செய்தார்கள்; இப்போது மூவி மேஜிக் ஷெட்யூலிங் மாதிரி மென்பொருள் இருக்கிறது. ஆனால் வண்ணங்கள் மாறவில்லை: பகல் உட்புறம் வெள்ளை, பகல் வெளிப்புறம் மஞ்சள், இரவு உட்புறம் நீலம், இரவு வெளிப்புறம் பச்சை. கீற்றுகளைப் பார்த்தாலே ஒரு படம் எவ்வளவு வேலை வாங்கும் என்று தெரிந்துவிடும். எங்கள் படத்தின் ஷெட்யூல் ஒரே மஞ்சளும் பச்சையுமாக இருந்தது. அதாவது பெரும்பாலும் வெளிப்புறம், அதிலும் பாதி இரவு. மழை வந்தால் ஓடி ஒளிந்து எடுப்பதற்கு உட்புறக் காட்சிகளே கையில் இல்லை. இப்படிப்பட்ட படத்துக்கு அவசர ஒதுக்கீடு கட்டாயம் வேண்டும். மொத்த பட்ஜெட்டில் 10 சதவீதத்தை எதிர்பாராச் செலவுக்கென்று தனியாக வைப்பது உலகம் முழுக்க இருக்கிற வழக்கம். நானும் வைத்தேன். தயாரிப்பாளர் முதலில் பேனாவை எடுத்து அடித்தது அந்த வரியைத்தான். "நடக்காததுக்கு எதுக்குங்க காசு? நீங்க நல்லா ப்ளான் பண்ணா இது தேவையே இல்லையே" என்றார். பாராட்டு மாதிரியும் இருந்தது, சவால் மாதிரியும் இருந்தது. நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

இப்போது இதை நான் ஒரு சோதனையாகவே வைத்திருக்கிறேன். பட்ஜெட்டைக் காட்டும்போது அவர்கள் எந்த வரியை வெட்டுகிறார்கள் என்று பார்ப்பேன். ட்ரோனை வெட்டினால், பாடல் காட்சியைச் சுருக்கினால், சரி, பட்ஜெட்டைப் புரிந்து வெட்டுகிறார்கள். அவசர ஒதுக்கீட்டையும் காப்பீட்டையும் மட்டும் வெட்டிவிட்டு மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும் என்றால், கையில் இருக்கிற பணம் அவ்வளவுதான் என்று அர்த்தம். பெரும்பாலும் அதுவும் இல்லை என்று அர்த்தம்.

முதல் இரண்டு வாரம் எல்லாம் ஒழுங்காகப் போனது. தினமும் பேட்டா கொடுத்தோம், வண்டிக்காரருக்கு முன்பணம் போனது, யூனிட்டில் எல்லோரும் சிரித்த முகமாக இருந்தார்கள். அப்புறம் மழை பிடித்தது. மலையடிவாரத்தில் மொத்த யூனிட்டும் தங்கியிருக்க, கேமராவை மூடி வைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஷூட்டிங் நடக்காத நாளிலும் தங்குமிடம் காசு கேட்கும், வாடகைக் கருவி காசு கேட்கும், ஆட்களுக்குச் சாப்பாடு போட்டாக வேண்டும். மழை விட்டதும் இழந்ததைப் பிடிக்க வேண்டும் என்று வேலை நேரத்தை நீட்டினார்கள். நீட்டினால் கூடுதல் சம்பளம். நான் தினமும் இரவு செலவுக் கணக்கைத் தயாரிப்பாளருக்குப் போனில் அனுப்பினேன். அவர் கடைசி எண்ணை மட்டும் பார்ப்பார் என்று நினைக்கிறேன். ஒரு கட்டத்தில் அலுவலகத்திலிருந்து வரவேண்டிய பணம் வரவில்லை. தயாரிப்பாளர் போனில் சொன்னார்: "திங்கட்கிழமை வந்துடும், அதுவரைக்கும் நீங்க சமாளிங்க." சமாளிப்பது என்றால் என்ன என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

என் கணக்கிலிருந்து எடுத்துப் போட்டேன். இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில் தலையில் அடித்துக்கொள்வீர்கள், எனக்குத் தெரியும். அந்த இடத்தில் நின்று பார்த்தால்தான் புரியும். இரவு ஒன்பது மணிக்கு லைட்மேன்கள் வரிசையாக வந்து நிற்கிறார்கள். அவர்களுக்குத் தயாரிப்பாளரின் முகமே தெரியாது, உங்கள் முகம்தான் தெரியும். கொடுக்காவிட்டால் நாளைக்கு வேலை நிற்கும். நின்றால் இன்னொரு நாள் வாடகை ஏறும். அந்த நட்டமும் உங்கள் மேனேஜ்மென்ட் சரியில்லை என்றுதான் பேசப்படும். இப்படி ஒவ்வொன்றும் அடுத்ததை இழுக்கும். திங்கட்கிழமை கொஞ்சம் பணம் வந்தது, உண்மைதான். நான் போட்டதில் பாதிகூட இல்லை. அடுத்த வாரமும் அதே கதை. இதற்கிடையில் ஜெனரேட்டர்காரரும் வண்டிக்காரரும் பழக்கத்தின் பேரில், "நீங்க இருக்கீங்கல்ல, பரவால்ல" என்று கடனுக்கே தொடர்ந்தார்கள். வவுச்சர்களிலும் வாடகைச் சீட்டுகளிலும் என் பெயர், என் கையெழுத்து. படத்தின் பெயர் சிலவற்றில் இருந்தது, தயாரிப்பு நிறுவனத்தின் பெயர் பெரும்பாலும் இல்லை.

ஒருநாள் காலையில் ஷெட்யூல் ப்ரேக் என்று சொல்லி யூனிட்டை அனுப்பிவைத்தார்கள். அடுத்த ஷெட்யூல் வரவே இல்லை. தயாரிப்பாளர் முதலில் போனை எடுத்தார், பிறகு உதவியாளர் எடுத்தார், பிறகு யாரும் எடுக்கவில்லை. எனக்குப் போன் வருவது மட்டும் நிற்கவில்லை. காலையில் கண் விழிக்கும்போதே போனைக் கவிழ்த்து வைக்கிற பழக்கம் வந்தது. கெட்டவர்கள் யாரும் கூப்பிடவில்லை, அதுதான் இன்னும் கஷ்டம். தன் டிரைவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டிய ஒரு வண்டிக்காரர், சமையல் ஆட்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஒரு கான்ட்ராக்டர், இப்படி நியாயம் உள்ளவர்கள்தான் கேட்டார்கள். கோபத்தைக்கூட யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. வீட்டில் சொல்லவில்லை. ஷூட்டிங் தள்ளிப்போயிருக்கிறது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஒரு வழக்கறிஞரைப் போய்ப் பார்த்தேன். நான் சம்பளம் வாங்குகிற ஆள், நிறுவனத்தின் சார்பில்தான் எல்லாம் வாங்கினேன், எனக்கும் கடனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அவர் என் சீட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சார்பில்னு இதுல எங்க இருக்கு?" என்றார். யாருக்காக வாங்குகிறோம் என்று சொல்லாமல் தன் பெயரில் ஒப்பந்தம் செய்துகொள்கிற ஆளை நேரடியாகவே பொறுப்பாக்கலாம் என்பது பல நாட்டு ஒப்பந்தச் சட்டங்களில் இருக்கிற பழைய விதி. அதாவது "தயாரிப்பு நிறுவனம் இன்னது, அதற்காக" என்ற ஒரு வரி சீட்டில் இருந்தால் கடன் நிறுவனத்தின் மேல் நிற்கும். அது இல்லாவிட்டால் உங்கள் மேலும் வரலாம். இத்தனை வருடம் நான் பார்த்த எந்த மேனேஜரும் இதை எனக்குச் சொன்னதில்லை. அவர்களுக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

என்னை ஓரளவு காப்பாற்றியது இரண்டு விஷயங்கள். ஒன்று, அந்தப் பில் ஒட்டுகிற பழைய பழக்கம். எந்த நாள், எந்தச் செலவு, யார் சொல்லி, எங்கிருந்து பணம் வந்தது என்று எல்லாம் என்னிடம் இருந்தது. இன்னொன்று, தயாரிப்பாளர் எழுத்தில் அனுப்பிய சில செய்திகள். "ஜெனரேட்டர் இன்னும் மூணு நாள் வச்சுக்கோங்க, நான் செட்டில் பண்றேன்" என்ற மாதிரி. போனில் பேசியதெல்லாம் காற்றில் போனது. எழுத்தில் இருந்ததை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சப்ளையரிடமும் நானே போய் உட்கார்ந்தேன். ஒளிந்துகொள்ளவில்லை என்பதே பலருக்குப் போதுமானதாக இருந்தது. சிலர் தொகையைக் குறைத்துக்கொண்டார்கள், சிலர் நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்ப என் காகிதங்களைப் பயன்படுத்திக்கொண்டார்கள். தயாரிப்பு நிறுவனம் வெகுநாள் கழித்து ஒரு பகுதியைக் கொடுத்தது. நான் கையிலிருந்து போட்ட பணத்தில் பெரும்பகுதி திரும்பி வரவில்லை. சம்பள பாக்கியைப் பற்றிப் பேசவே வாய்ப்பில்லாமல் போனது, ஏனென்றால் சம்பளம் எவ்வளவு, எப்போது என்பதற்கும் எழுத்தில் ஒன்றும் இல்லை.

சரி, இப்போது எப்படி வேலை செய்கிறேன் என்று சொல்கிறேன். படத்தை ஒத்துக்கொள்ளும் முன் கதையைக் கேட்பதற்கு முன்னாலேயே பணம் எங்கிருந்து, எந்த இடைவெளியில் வரும் என்று கேட்கிறேன். மொத்த பட்ஜெட் எவ்வளவு என்பதைவிட, எந்த வாரம் எவ்வளவு கையில் இருக்கும் என்பதே நமக்கு முக்கியம். இதற்கு வாரவாரியான பணவரத்துத் திட்டம் ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிடுவேன். படப்பிடிப்பு தொடங்குகிற வாரத்தில்தான் மலைபோலச் செலவு வரும். அதற்கு முந்தைய வாரம் அந்தத் தொகை படத்துக்கென்று தனியாகத் திறந்த வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். காசோலையில் யார் கையெழுத்துப் போடுவார்கள், அவர் வெளியூர் போனால் அடுத்தது யார் என்பதும் முன்பே தெரிய வேண்டும். இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படுகிற தயாரிப்பாளரிடம் நான் வேலை செய்வதில்லை. ஒழுங்கானவர்கள் இதைக் கேட்டால் சந்தோஷப்படுகிறார்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன்.

கைச்செலவுப் பணத்துக்கு ஒரே முறைதான்: நிலையான முன்பணம். ஒரு தொகையை முதலில் வாங்கி வைத்துக்கொள்வது. பில்லைக் கொடுத்தால் அதே அளவு திரும்ப நிரப்பித் தருவார்கள். எந்த நேரத்தில் எண்ணினாலும் கையில் உள்ள பணமும் பில்லும் சேர்ந்து அந்த முதல் தொகை வர வேண்டும். நிரப்பித் தரவில்லை என்றால் செலவு அங்கேயே நிற்கும். "நீங்க போடுங்க" என்ற பேச்சுக்கு இதில் இடமே இல்லை. சப்ளையரிடம் எதை எடுத்தாலும் நிறுவனத்தின் பெயரில் பர்ச்சேஸ் ஆர்டர். எண், தேதி, எத்தனை நாள், ஒரு நாளைக்கு எவ்வளவு, கூடுதல் நேரத்துக்கு எவ்வளவு, சேதமானால் யார் பொறுப்பு. நான் கையெழுத்துப் போடும் இடத்தில் நிறுவனத்தின் பெயரும் அதில் என் பதவியும் இருக்கும். ஆரம்பத்தில் பழைய ஆட்கள் சிரித்தார்கள், பேப்பர்காரன் என்று பேர் வைத்தார்கள். வைத்துக்கொள்ளட்டும்.

தினசரிச் செலவு அறிக்கையையும் மாற்றிவிட்டேன். முன்பு இன்றைக்கு எவ்வளவு ஆனது என்று மட்டும் எழுதினேன். அது நடந்து முடிந்ததைச் சொல்வது. அதைப் படித்து யாரும் ஒன்றும் செய்ய முடியாது. இப்போது ஒவ்வொரு தலைப்பிலும் மூன்று எண்கள்: ஒதுக்கியது, இதுவரை செலவானதும் செலவு செய்வதாக ஒப்புக்கொண்டதும், படம் முடிய இன்னும் எவ்வளவு தேவை. மூன்றாவது எண்தான் உயிர். போக்குவரத்தில் இன்றுவரை மிச்சம் இருப்பது போலத் தெரியும். மீதியிருக்கிற இரவுக் காட்சிகளைக் கணக்கில் எடுத்தால் உதைக்கும். இதை மின்னஞ்சலில் அனுப்புகிறேன், தயாரிப்பாளர், இயக்குநர், கணக்காளர் மூவருக்கும். ஒதுக்கியதைத் தாண்டும் எதற்கும் எழுத்தில் ஒப்புதல் கேட்கிறேன். பதில் வராவிட்டால், நேற்றுப் போனில் பேசியபடி இன்னது செய்கிறோம் என்று நானே ஒரு வரி எழுதி அனுப்பிவிடுவேன். மறுக்க நினைப்பவர் உடனே மறுப்பார். மறுக்காவிட்டால் அதுவே ஆவணம்.

பணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன், ஆனால் இந்த வேலையில் பணத்தைவிடப் பெரிய பொறுப்பு ஒன்று உண்டு. நின்றுபோன அந்தப் படத்திலேயே, விடியும்வரை எடுத்துவிட்டு அதே காலையில் வேறு ஊருக்கு யூனிட்டைக் கிளப்பச் சொன்னார்கள். இரவு முழுக்க விழித்திருந்த டிரைவர்கள்தான் வண்டி ஓட்ட வேண்டும். நான் வண்டிச் சாவிகளைக் கொடுக்கவில்லை. ஆறு மணி நேரமாவது தூங்கட்டும், அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றேன். பெரிய சத்தமாகிவிட்டது. அந்தப் படத்தில் நான் செய்த வேலைகளில் எனக்கு இன்றைக்கும் நிம்மதி தருவது அது ஒன்றுதான். 1997-ல் அமெரிக்காவில் ஒரு படப்பிடிப்பில் 19 மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வீட்டுக்குக் காரோட்டிப் போன உதவி ஒளிப்பதிவாளர் ஒருவர் வழியில் தூங்கி, விபத்தில் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் அங்கே நீண்ட வேலை நேரத்துக்கு எதிராகப் பலமான குரல் எழுந்தது. ஒளிப்பதிவாளர் ஹாஸ்கல் வெக்ஸ்லர் அதைப் பற்றி ஒரு ஆவணப்படமே எடுத்தார்.

2014 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் நடந்தது ஒவ்வொரு தயாரிப்பு நிர்வாகியும் தெரிந்துவைத்திருக்க வேண்டியது. ரயில் பாலத்தின் மேல் காட்சி எடுக்க ரயில் நிறுவனத்திடம் அனுமதி கேட்டார்கள், கிடைக்கவில்லை. இருந்தும் எடுத்தார்கள். ரயில் வந்தது. உதவி கேமராக் கலைஞர் ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தார்கள். அடுத்த ஆண்டு இயக்குநர் சிறைக்குப் போனார். அவரோடு முதல் உதவி இயக்குநருக்கும், நிர்வாகத் தயாரிப்பாளராகவும் யூனிட் ப்ரொடக்‌ஷன் மேனேஜராகவும் இருந்தவருக்கும் தலா 10 ஆண்டு ப்ரொபேஷன், அதாவது சிறைக்கு வெளியே கண்காணிப்பில் இருக்கும் தண்டனை கிடைத்தது. அனுமதிக் கடிதம் வாங்குவது நம் மேசை வேலை. அது கிடைக்கவில்லை என்பது முதலில் தெரிவதும் நமக்குத்தான். கிடைக்காத இடத்துக்கு யூனிட்டை அனுப்பினால் நீதிமன்றத்தில் நம் பெயரும் படிக்கப்படும். நம் பக்கத்தில் 2020 பிப்ரவரியில் சென்னைக்கு அருகே ஒரு படப்பிடிப்பில் கிரேன் விழுந்து 3 பேர் இறந்தார்கள். பட்ஜெட்டில் காப்பீடு என்று எழுதிய வரியை யாராவது பேனாவால் அடித்தால் நான் இப்போது பேசாமல் இருப்பதில்லை.

பேர் கெட்டுப்போன நிலையிலிருந்து திரும்ப வந்தது எப்படி என்று சிலர் கேட்பார்கள். சினிமாவில் உடனே வேலை கிடைக்கவில்லை. விளம்பரப் படங்களிலும் நிறுவனங்களுக்கான குறும்படங்களிலும் கீழிறங்கிப் போய் கோஆர்டினேட்டராக வேலை பார்த்தேன். மேனேஜராக இருந்தவன் மறுபடி கோஆர்டினேட்டரா என்று மனசு வலித்தது, மறைப்பானேன். ஆனால் அந்தப் பக்கம் எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது. விளம்பரத்தில் ஒன்றிரண்டு நாளில் படப்பிடிப்பு முடிந்துவிடும். வாடிக்கையாளர் பணத்தைக் கேள்வி கேட்டுத்தான் கொடுப்பார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் எழுத்தில் ஒப்புதல் இருந்தால்தான் பில் போட முடியும். இந்த ஒழுக்கம் கையில் ஏறிவிட்டால் படத்துக்குப் போனாலும் விடாது. படங்களுக்கு இடையில் மாதக்கணக்கில் சும்மா இருக்கிற காலத்தைத் தாண்டவும் இதுதான் உதவுகிறது. அந்தச் சும்மா இருக்கிற காலம் எல்லோருக்கும் வரும், வசதியான மேனேஜர்களுக்கும் வரும். கையில் சில மாதச் செலவுக்குப் பணம் இல்லாதவர் எந்தப் படத்தையும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. வேண்டாம் என்று சொல்ல முடியாதவர்களைத் தேடித்தான் மோசமான படங்கள் வரும்.

கற்றுக்கொள்வதைப் பொறுத்தவரை, மென்பொருள் தெரிவது நல்லதுதான், ஆனால் விரிதாளில் சொந்தமாக ஒரு பட்ஜெட் போடத் தெரிந்தால் எந்த மென்பொருளையும் ஒரு வாரத்தில் பிடித்துவிடலாம். கணக்காளரோடு நட்பாக இருங்கள். இயக்குநர் மாறுவார், தயாரிப்பாளர் மாறுவார், நல்ல கணக்காளர்கள் மறுபடி மறுபடி வருவார்கள். அவர்கள் பரிந்துரைதான் எனக்கு மீண்டும் படத்தைக் கொண்டுவந்தது. ஜெனரேட்டரும் வண்டியும் கொடுப்பவர்களிடமும் அப்படித்தான். கடன் முழுக்கத் தீரும் முன்னாலேயே, "உங்க பேப்பர் சரியா இருந்துச்சு" என்று சொல்லி என்னை வேறு இடத்தில் சேர்த்துவிட்டவர் அந்த வண்டிக்காரர்.

உங்களுக்கென்று ஒரு ஒப்பந்தம் இல்லாமல் முதல் நாள் போகாதீர்கள். இரண்டு பக்கம் போதும். சம்பளம் வாராவாரமா மாதாமாதமா, முன்தயாரிப்பு எந்தத் தேதியில் தொடங்குகிறது, படம் நின்றால் எத்தனை வாரச் சம்பளம், திரையில் பெயர் எந்தப் பதவியில் எப்படி வரும், சொந்தப் பணத்தைப் போட வேண்டிய கட்டாயம் இல்லை என்று ஒரு வரி. படப்பிடிப்பு முடிந்த பிறகான வாரங்களைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். எல்லோரும் பேக்கப் சொல்லிவிட்டுப் போன பிறகுதான் நமக்கு வாடகைக் கருவிகளைத் திருப்பி எண்ணிக் கொடுப்பது, காணாமல் போனதற்கும் உடைந்ததற்கும் பேரம் பேசுவது, லொகேஷனைப் பழையபடி சரிசெய்து உரிமையாளரிடம் எழுதி வாங்குவது, நிலுவைகளைத் தீர்ப்பது, கணக்கை மூடுவது எல்லாம் இருக்கிறது. பெரிய படத்துக்கு இது மூன்று நான்கு வாரம்கூட இழுக்கும். அந்த வாரங்களுக்கும் சம்பளம் உண்டு என்று ஒப்பந்தத்தில் தனியாக எழுதி வாங்குங்கள், இல்லாவிட்டால் கடைசி நாளோடு முடிந்தது என்று சொல்லிவிட்டு, வேலையை மட்டும் கேட்பார்கள்.